பெரிய சிவப்பு வீடா, சிவப்புப் பெரிய வீடா? தேடுபொறியை வைத்துப் பெயரடை வரிசை பார்ப்பது எப்படி

மொரீஷியஸில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. பிள்ளை கட்டுரையில் "சிவப்புப் பெரிய வீடு" என்று எழுதும், நாம் வட்டம் போடுவோம், இதில் என்ன தப்பு மிஸ் என்று அது கிரியோலில் கேட்கும். இலக்கணப் புத்தகத்தைப் புரட்டினால் பெயரடை பெயருக்கு முன்னால் வரும் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இரண்டு பெயரடை சேர்ந்து வந்தால் எது முந்தி, எது பிந்தி என்று பெரும்பாலும் இருக்காது. மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ வளர்ந்தவருக்குக் காது சொல்லிவிடும். இங்கே வீட்டில் கிரியோல், செய்தித்தாளில் பிரெஞ்சு, அலுவலகக் கடிதத்தில் ஆங்கிலம், தமிழ் என்பது பள்ளிக்கூடமும் கோவிலும் என்று ஆகிவிட்ட பிறகு அந்தக் காதை எங்கே போய் வாங்குவது?

தேடுபொறியிடம் கேட்கலாம். ஆனால் அது காட்டும் எண்ணை அப்படியே நம்பி வகுப்பில் போய்ச் சொல்லக் கூடாது. எண்ணை வாங்குவது கால் பங்கு வேலை. அதைத் திறந்து வாசித்துக் குப்பையைக் கழிப்பதுதான் மீதி முக்கால். எஸ்.சி., எச்.எஸ்.சி. என்ற பள்ளி இறுதித் தேர்வுகளுக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர்கள், மொழியியலில் ஒரு சின்ன ஆய்வு எழுத வேண்டியவர்கள், சும்மா ஆசைக்குப் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் இதே வழிதான்.

எதைத் தேடுகிறோம்?

ஆங்கிலத்தில் இதற்கு ஓரளவு தெளிவான வரிசை உண்டு. அபிப்பிராயம், அளவு, வயது, வடிவம், நிறம், ஊர், எதனால் செய்தது, எதற்காக என்று ஏறக்குறைய இந்த ஒழுங்கில் வந்து கடைசியில் பெயர் நிற்கும். "பிக் ரெட் கார்" என்பார்கள், "ரெட் பிக் கார்" என்றால் காது உறுத்தும். பல மொழிகளில் பெயரடை என்ற வகை எப்படி இருக்கிறது என்பதை மொழியியலாளர் ஆர்.எம்.டபிள்யூ. டிக்ஸன் 1977-ல் அலசினார், ஆங்கில வரிசையையும் அதில் தொட்டார். அதற்குப் பிறகு நிறையப் பேர் காரணம் தேடியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது 2017-ல் ஸ்கொன்ட்ராஸ், டேகன், குட்மன் மூவரும் சொன்னது: ஆளுக்கு ஆள் கருத்து மாறக்கூடிய பெயரடை பெயரை விட்டுத் தள்ளி நிற்கும், எல்லோரும் ஒத்துக்கொள்ளும் பெயரடை பெயரை ஒட்டி நிற்கும்.

இதை வகுப்பிலேயே சோதிக்கலாம். தைப்பூசக் காவடி ஒன்றின் படத்தைக் காட்டுங்கள். ஒரு பிள்ளை இது அழகான காவடி என்கிறது, இன்னொன்று இல்லவே இல்லை என்கிறது. இரண்டும் அதனதன் அளவில் சரிதான், யாரையும் திருத்த முடியாது. ஒன்று மஞ்சள் என்கிறது, இன்னொன்று பச்சை என்கிறது என்றால் யாரோ ஒருவர் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும். பெரியதா சின்னதா என்ற சண்டை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ஆகவே அந்தக் கருத்துப்படி "அழகான பெரிய மஞ்சள் காவடி" என்றுதான் வர வேண்டும். தமிழில் உண்மையிலேயே அப்படித்தான் எழுதுகிறார்களா? நம் கேள்வி அதுதான்.

(வரிசை என்றாலே மொரீஷியஸ் தமிழர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். 1998-ல் வந்த புதிய ரூபாய் நோட்டில் ஆங்கிலம், தமிழ், இந்தி என்று இருந்த பழைய ஒழுங்கு மாறித் தமிழ் இந்திக்குக் கீழே போனதும் பெரிய எதிர்ப்பு கிளம்பி, கடைசியில் அந்த நோட்டுகளையே திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. பெயரடைக்காக யாரும் ஊர்வலம் போக மாட்டார்கள், அது வேறு விஷயம்.)

முதலில் ஆங்கிலத்தில் கை பழகுங்கள்

விடை தெரிந்த கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் கருவி எங்கே பிசகுகிறது என்று தெரியும். ஆங்கிலத் தரவு மலையாகக் கிடக்கிறது, விடையும் ஏற்கெனவே தெரியும். கூகுளில் "பிக் ரெட் கார்" என்பதை ஆங்கில எழுத்தில், இரட்டை மேற்கோள்குறிக்குள் அடியுங்கள். மேற்கோள்குறி இல்லாவிட்டால் மூன்று சொல்லும் பக்கத்தில் எங்கெங்கோ இருந்தாலும் அள்ளிக்கொண்டு வரும், அதனால் ஒரு பயனும் இல்லை. அப்புறம் "ரெட் பிக் கார்". இரண்டையும் ஒரே நாளில், ஒரே கணினியில், மறைநிலை சாளரத்தில் செய்யுங்கள். நீங்கள் முன்பு தேடியதையும் நீங்கள் இருக்கும் நாட்டையும் பார்த்து முடிவுகள் மாறக்கூடும். டூல்ஸ் பொத்தானுக்குள் வெர்பாட்டிம் என்று ஒரு தெரிவு இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் சொல்லுக்குப் பதிலாக அது தானாக ஒத்த சொல்லைப் போட்டுத் தேடும்.

மூன்றாவது சொல்லாகப் பெயரைச் சேர்ப்பதை விடாதீர்கள். "ரெட் பிக்" என்று இரண்டு சொல்லை மட்டும் தேடினால் குப்பை கொட்டும், ஏனென்றால் மேற்கோள்குறிக்குள்ளும் தேடுபொறி நிறுத்தற்குறிகளைக் கண்டுகொள்வதில்லை. ஒரு வாக்கியம் ரெட் என்று முடிந்து, முற்றுப்புள்ளி வைத்து, அடுத்தது பிக் என்று தொடங்கினாலும் அதுவும் கணக்கில் சேரும். சிவப்பு, பெரிது என்று காற்புள்ளி போட்டு அடுக்கினதும் சேரும். பிக் மேக் பர்கரும் சேரும்.

அடுத்து கூகுள் புக்ஸ் என்கிராம் வியூவர். 2010 டிசம்பரில் வந்தது. ஒரு தொடர் அச்சான புத்தகங்களில் எவ்வளவு வருகிறது என்று வருடவாரியாக எண்ணிக் கோடு போட்டுக் காட்டும். வலைத் தேடலைவிட இதன் எண்கள் எவ்வளவோ ஒழுங்கானவை: நேற்று ஒன்று இன்று ஒன்று என்று மாறாது, எந்தப் பதிப்புத் தரவு என்று சொல்லிவிடும், இரண்டு தொடரைச் சாய்கோடு போட்டு வகுத்து விகிதமாகவே கேட்கலாம். ஐந்து சொல் வரைக்கும்தான் போகும். இன்னொன்று, குறைந்தது 40 புத்தகங்களில் வந்த தொடரை மட்டும்தான் வைத்திருக்கிறது. அதனால் "ரெட் பிக் கார்" வெறுமையாக வந்தால் யாருமே எழுதவில்லை என்று பொருள் இல்லை, 40 புத்தகம் தேறவில்லை என்றுதான் பொருள். இந்த வித்தியாசத்தைக் கட்டுரையில் எழுதாமல் விடுகிறவர்கள் நிறையப் பேர்.

பிரெஞ்சும் அதில் இருக்கிறது. தமிழ் இல்லை. அதனால்தான் தமிழுக்கு வலைத் தேடலோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

அந்த "சுமார்" என்ற சொல்

தேடுபொறி "சுமார் இத்தனை முடிவுகள்" என்று ஒரு எண் காட்டுகிறதே (இப்போதெல்லாம் டூல்ஸை அழுத்தினால்தான் தெரிகிறது, சில சமயம் அப்போதும் தெரிவதில்லை), அது எண்ணிப் பார்த்த எண் அல்ல, ஊகம். 2005-ல் பிரெஞ்சு மொழியியலாளர் ழான் வெரோனிஸ் இதைக் கையும் களவுமாகப் பிடித்தார்: "இந்தச் சொல் அல்லது அந்தச் சொல்" என்று தேடினால், ஒன்றை மட்டும் தேடியதைவிடக் குறைவான எண் வந்தது. பள்ளிக்கூடக் கணக்கிலேயே நிற்காத விஷயம். 2007-ல் கணினி மொழியியலாளர் ஆடம் கில்காரிஃப், கூகுள் எண்ணை வைத்து ஆராய்ச்சி செய்வது நல்ல அறிவியல் இல்லை என்று தலைப்பிலேயே போட்டு எழுதினார். ஒரு கம்பெனியின் இயந்திரம் உள்ளே என்ன செய்கிறது என்று நமக்குத் தெரியாது, நாளைக்கு அதே கேள்விக்கு வேறு எண் வரும், எண்ணுவது சொற்களை அல்ல பக்கங்களை. மூன்றும் நியாயமான குறைதான்.

அப்படியானால் விட்டுவிட வேண்டியதுதானே என்றால், இல்லை. ஃபிராங்க் கெல்லரும் மிரெல்லா லபாட்டாவும் 2003-ல், ஆய்வுக்கென்று சேர்த்து வைத்த உரைத் தொகுப்புகளில் காணக் கிடைக்காத சொல்லிணைகளுக்குக்கூட வலை எண்ணிக்கை மனிதர்களின் தீர்ப்போடு நன்றாக ஒத்துப்போகிறது என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டு அவர்களே வலை எண்ணிக்கையைப் பல வேலைகளில் சோதித்தார்கள், அதில் ஒன்று நம்முடைய வேலையேதான்: இரண்டு பெயரடையைக் கொடுத்து எது முதலில் வரும் என்று கேட்பது. முறை எளிமை, இரண்டு வரிசையையும் தேடி எது அதிகமோ அதை எடு. மற்ற முறைகளை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அடிப்படை அளவுகோலாக இது போதும், அதற்கு மேல் பெரிதாக நம்ப வேண்டாம் என்பது அவர்கள் முடிவு. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. தனி எண்ணுக்கு மதிப்பில்லை, இரண்டு எண்களுக்கு நடுவிலான விகிதத்துக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. அதுவும் விகிதம் பயங்கரமாகச் சாய்ந்திருந்தால் மட்டும்.

ஆகவே முதல் பக்கத்து எண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்தாமல், முடிவுகளின் கடைசிப் பக்கம் வரைக்கும் போங்கள். லட்சம் என்று சொன்னது சில நூறோடு நின்றுபோவதைப் பார்ப்பீர்கள். தமிழ்த் தொடர்களுக்குப் பெரும்பாலும் இது ஒரு வசதி, கொஞ்சமாக இருப்பதால் எல்லாவற்றையுமே வாசித்துவிடலாம்.

இப்போது தமிழ்

ஆங்கில வழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தால் இங்கே கால் தடுக்கும். தமிழில் அசல் பெயரடைகள் கொஞ்சம்தான்: நல்ல, பெரிய, சின்ன, சிறிய, புதிய, பழைய என்று விரல்விட்டு எண்ணலாம். மற்றவை வேறு எங்கிருந்தோ வந்து அந்த வேலையைச் செய்கின்றன. அழகான, உயரமான என்பவை பெயரோடு "ஆன" ஒட்டியவை. சிவந்த, உடைந்த என்பவை பெயரெச்சம். சிவப்பு, பித்தளை, மர என்பவை பெயரே பெயருக்கு முன்னால் நிற்பவை. அதனால் "பெரிய சிவப்புப் புடவை" என்பதில் சிவப்பு ஏன் புடவையை ஒட்டிக்கொள்கிறது என்றால், நிறம் என்பதாலா, பெயர் என்பதாலா? இரண்டும் ஒரே திசையில் இழுப்பதால் அந்த ஒரு தொடரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இதைப் பிரிக்க ஒரு வழி இருக்கிறது, அதே நிறத்தை வேறு உருவத்தில் போட்டுத் தேடுவது: சிவப்பு, சிவப்பு நிற, சிவப்பான, சிவந்த. சிவப்பு ஒட்டிக்கொண்டு நிற்க, சிவப்பான மட்டும் தாராளமாக முன்னுக்கு நகர்ந்தால் காரணம் நிறமல்ல, சொல்லின் உருவம். எனக்குத் தெரிந்து தமிழில் இந்தத் தலைப்பில் செய்யக்கூடிய சுவாரசியமான வேலை இதுதான், ஒரு ஆய்வுக் கட்டுரைக்குத் தாராளமாகப் போதும்.

தேடத் தொடங்கும் முன் ஒரு விரிதாள் திறந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் எத்தனை எழுத்து வடிவம் உண்டு என்று எழுதிக்கொள்ளுங்கள். இது சலிப்பான வேலை, ஆனால் இங்கே சோம்பல்பட்டால் மேலே எல்லாம் கோணலாகப் போகும். சிவப்பு, சிகப்பு. கருப்பு, கறுப்பு. புதிய, புது. சின்ன, சிறிய, சிறு, குட்டி. அப்புறம் ஒற்று: "சிவப்புப் புடவை" என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், "சிவப்பு புடவை" என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், தேடுபொறிக்கு இரண்டும் வேறு வேறு தொடர். வலையில் ஒற்றைப் பலரும் விட்டுவிடுவார்கள், அதனால் இலக்கணச் சுத்தமாக மட்டும் தேடினால் பெரும்பகுதி கைநழுவிவிடும். வேற்றுமை உருபும் இப்படித்தான். புடவை, புடவையை, புடவையில், புடவையோடு என்று ஒவ்வொன்றையும் தனியாகத் தேட வேண்டும். பெயர்ச்சொல்லை நீங்கள்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதால், வீடு, பெட்டி, கார், பை, புத்தகம் என்று எளிதில் கிடைக்கக்கூடிய பத்துப் பெயரை எடுத்துக்கொண்டு எல்லா இணைக்கும் அதே பத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இணைக்கு வீடு, இன்னொரு இணைக்குப் பூனை என்று மாற்றினால் ஒப்பிட முடியாது.

கண்ணுக்குத் தெரியாத ஒரு சிக்கலும் உண்டு. "கொ" என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிக்கோடில் ஒரே குறியாகவும் அடிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் அடிக்கலாம். திரையில் ஒன்றுபோலத்தான் இருக்கும். தேடுபொறிகள் பெரும்பாலும் இதைச் சமாளித்துவிடும். நீங்கள் கோப்பை இறக்கி உங்கள் கணினியில் தேடும்போதுதான் மாட்டிக்கொள்வீர்கள். யூனிக்கோடுக்கு முந்திய பழைய தளங்களில் ஒவ்வொருவரும் தனித்தனி எழுத்துரு வைத்திருந்தார்கள், அவை எந்தத் தேடலிலும் அகப்படாது. அந்தக் காலத்துத் தமிழ் உங்கள் தரவில் குறைவாகத்தான் இருக்கும் என்று தெரிந்துகொண்டால் போதும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

நல்ல பெரிய நல்ல பாம்பு

சரி, எண் வந்துவிட்டது. இப்போது ஒவ்வொன்றாகத் திறந்து வாசியுங்கள், குறைந்தது ஒவ்வொரு வரிசைக்கும் முதல் இருபது. எதைக் கழிக்க வேண்டும் என்று வாசிக்கும்போதுதான் புரியும்.

"நல்ல பெரிய" என்று தேடினால் குவியும். அபிப்பிராயம் முதலில், அளவு அடுத்தது, கோட்பாடு வென்றது என்று குதிக்கத் தோன்றும். ஆனால் "நல்ல பெரிய வீடு" என்பவர் அது நல்ல வீடு என்று சொல்லவில்லை, நன்றாகவே பெரிது என்கிறார். நல்ல வெயில், நல்ல சிவப்பு, நல்ல பெரிசு என்று அந்தச் சொல் அழுத்தத்துக்கு வருகிறது, வீட்டுக்கு அல்ல பெரிய என்பதற்குத்தான் அது அடை. இவற்றையெல்லாம் கழிக்காமல் எண்ணினால் கோட்பாடு பொய்யாக வெல்லும். அதனால் அபிப்பிராயச் சொல்லுக்கு "நல்ல" வேண்டாம், "அழகான", "அருமையான", "மோசமான" என்று எடுங்கள். தலைகீழாக "பெரிய நல்ல" என்று தேடினால் வருகிறவை இன்னும் வேடிக்கை. "இவர் பெரிய நல்லவர்" என்ற குத்தல் பேச்சு வரும். "பெரிய நல்ல பாம்பு" வரும், அங்கே நல்ல என்பது பெயரடையே இல்லை, பாம்பின் பெயரில் பாதி.

இந்தப் பெயரில்-பாதி விவகாரம் எங்கும் பரவிக் கிடக்கிறது. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், வெள்ளைப் பூண்டு, பழைய சோறு, பெரிய கோயில். "புதிய சின்ன வெங்காயம்" என்பதில் வயது அளவுக்கு முன்னால் வருகிறது என்று எழுதினால் சிரிப்பார்கள். பச்சை என்பது நிறமா, வேகாததா, பிஞ்சா என்று ஒவ்வொரு வரியிலும் பார்க்க வேண்டும்; பச்சைப் பாலில் பச்சை நிறம் இல்லை. ஒரு சுலபமான சோதனை: நடுவில் இன்னொரு சொல்லை நுழைத்துப் பாருங்கள். "சின்ன அழகான வெங்காயம்" என்றால் வகை போய்விடுகிறது, அளவு மட்டும் நிற்கிறது. இப்படி உடைந்தால் அது ஒரே பெயர், உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

காற்புள்ளி போட்டவை, "பெரியதும் பழையதுமான" என்று உம் போட்டவை இரண்டையும் தனியாக ஒதுக்குங்கள். அங்கே இரண்டு அடையும் சம அந்தஸ்தில் நிற்கின்றன, முன்பின் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. "ஒரு" நடுவில் புகுந்தவையும் வரும்: "பெரிய ஒரு பழைய வீடு". இதற்கு மேற்கோள்குறிக்குள் இடையில் ஒரு நட்சத்திரக்குறி போட்டுத் தேடினால் அகப்படும். "கடையில் வாங்கிய பெரிய பெட்டி" மாதிரி நீளமான பெயரெச்சத் தொடர்கள் எப்போதும் முன்னுக்கு ஓடும், அது நீளத்தின் காரணமாக, அதையும் இதோடு குழப்ப வேண்டாம்.

எல்லாவற்றையும்விட மோசமான குப்பை இயந்திர மொழிபெயர்ப்பு. தமிழ் வலையில் விற்பனைப் பக்கங்கள், உடல்நலக் குறிப்புகள், சுற்றுலாப் பக்கங்கள் என்று ஏராளமாக இருப்பவை ஆங்கிலத்திலிருந்து இயந்திரம் மாற்றிப் போட்டவை. ஆங்கிலத்தில் பெயரடை எந்த வரிசையில் இருந்ததோ, பெரும்பாலும் அதே வரிசையில் தமிழில் விழும். அவற்றை எண்ணிவிட்டு, ஆஹா தமிழும் ஆங்கில வரிசையைத்தான் பின்பற்றுகிறது என்று எழுதினால் கண்ணாடியில் ஆங்கிலத்தைப் பார்த்த மாதிரிதான். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை: "உயர்தர புதிய சிவப்பு தோல் பெண்கள் கைப்பை" என்று ஒற்றே இல்லாமல் ஐந்து அடை வரிசையாக நின்றால் எந்தத் தமிழனும் அதை எழுதியிருக்க மாட்டான். இன்னொரு தடுப்பும் உண்டு. கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் சேர்ந்தது 2011 ஜூனில். தேடலில் பிஃபோர் என்ற ஆங்கிலச் சொல்லை அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் 2011 என்று கொடுத்தால் அதற்கு முந்திய பக்கங்கள் மட்டும் வரும். பக்கத்தின் தேதியைத் தேடுபொறி தப்பாக எடுப்பதும் உண்டுதான், ஆனாலும் குப்பை கணிசமாகக் குறையும். அந்த வடிகட்டலோடு ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை எடுத்து இரண்டு விகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் அதுவே தனியாக எழுத வேண்டிய சங்கதி.

தேடுபொறியை விட்டு இறங்கி

ஒரு கட்டத்துக்கு மேல் தேடுபொறியோடு மாரடிப்பதைவிட நாமே கோப்பை இறக்கித் தேடுவது நிம்மதி. தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் இலவசமாக இறக்கலாம். லைப்சிக் பல்கலைக்கழகத்தின் தொகுப்பில் தமிழ் வாக்கியங்கள் பத்தாயிரத்திலிருந்து மேலே பல அளவுகளில் கோப்பாகக் கிடைக்கின்றன, ஒரு வரிக்கு ஒரு வாக்கியம், சுத்தமாக இருக்கும். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக ஏற்றி 1998 முதல் நடக்கும் மதுரைத் திட்டத்தில் பழைய நூல்கள் இருக்கின்றன, இயந்திரம் தொடாத தமிழ், ஆனால் செய்யுளில் யாப்புக்காகச் சொல் இடம் மாறும் என்பதால் உரைநடை நூல்களை மட்டும் எடுங்கள்.

நோட்பேட் பிளஸ் பிளஸ் மாதிரி, சுருங்குறித்தொடர் (ரெகுலர் எக்ஸ்பிரஷன், பல வடிவங்களை ஒரே குறியீட்டு வரியில் தேடும் முறை) தெரிந்த எந்த எடிட்டரும் போதும். தேடும் பெட்டியில் இப்படி அடியுங்கள்:

சிவப்பு(க்|ச்|த்|ப்)? (பெரிய|சின்ன|சிறிய|பழைய|புதிய)

அடைப்புக்குள் இருக்கும் நான்கு ஒற்றில் எது வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்று கேள்விக்குறி சொல்கிறது. அடுத்த அடைப்பில் ஐந்தில் ஏதாவது ஒன்று. தேடுபொறியில் ஒவ்வொன்றாகப் போட்டு அலுத்துப்போன வேலை ஒரே வரியில் முடிந்துவிடும். தலைகீழ் வரிசைக்கு (பெரிய|சின்ன|சிறிய|பழைய|புதிய)(க்|ச்|த்|ப்)? சிவப்பு என்று போடுங்கள். வந்த வரிகளை விரிதாளில் ஒட்டி, உண்மையானது, கூட்டுப்பெயர், அழுத்தம், மொழிபெயர்ப்பு, நிறுத்தற்குறி என்று ஒரு நிரலில் குறித்துக்கொண்டே போகலாம்.

எண் சின்னதாக இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம், ஆனால் அவசரப்படவும் வேண்டாம். கழித்தது போக பத்து வரி தேறுகிறது, எட்டு ஒரு பக்கம், இரண்டு மறுபக்கம் என்று வைத்துக்கொள்வோம். பார்க்கத் தெளிவான வெற்றி போல இருக்கிறது. ஆனால் ஒரு காசைப் பத்துத் தடவை சுண்டினாலே எட்டுக்கு இரண்டு அல்லது அதைவிடச் சாய்வாக விழுவதற்கு நூற்றுக்குப் பதினொரு வாய்ப்பு இருக்கிறது. ஒன்பதுக்கு ஒன்று என்றால் அது நூற்றுக்கு இரண்டாகச் சுருங்கிவிடும். நூறு வரியில் எண்பதுக்கு இருபது என்றால் தற்செயல் என்ற பேச்சுக்கே இடமில்லை. பத்துப் பெயரை எடுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம், பெயருக்குப் பத்து வரி கிடைத்தால்கூட மொத்தம் நூறு சேர்ந்துவிடும். ஒரே பெயரில் மட்டும் சாய்வு இருந்து மற்ற ஒன்பதில் இல்லையென்றால், அந்தப் பெயரில் ஏதோ நிலைத்த தொடர் ஒளிந்திருக்கிறது, போய்ப் பாருங்கள்.

நம் வீட்டு மொழிகள்

இதே ஆய்வைப் பிரெஞ்சிலும் கிரியோலிலும் பக்கத்தில் வைத்துச் செய்வது மொரீஷியஸ்காரருக்கு மட்டும் கிடைக்கும் வசதி. இரண்டிலும் சில பெயரடை பெயருக்கு முன்னாலும் நிறம் பின்னாலும் வரும். "க்ரோ ஷியன் நுவார்" என்று பிரெஞ்சில், "க்ரோ லிசியே நுவார்" என்று கிரியோலில்: பெரிய, நாய், கருப்பு. நிறம் பெயருக்கு அந்தப் பக்கம் போய்விடுவதால் அளவும் நிறமும் மோதுவதே இல்லை; முன்னால் நிற்கிறவற்றுக்குள் மட்டும்தான் வரிசைச் சண்டை. அழகான சின்ன வீட்டை "ஸோலி தி லகாஸ்" என்போமா, "தி ஸோலி லகாஸ்" என்போமா? முதலாவதுதான் வாயில் வரும். அங்கும் அபிப்பிராயம் தள்ளி, அளவு ஒட்டி.

பிரெஞ்சில் என்கிராம் உதவும், ஆனால் ஆண்பால், பெண்பால், ஒருமை, பன்மை என்று ஒவ்வொரு பெயரடைக்கும் நான்கு உருவம் வரை தேட வேண்டும். கிரியோலில் அந்தத் தொல்லை பெரிதாக இல்லை, அதற்குப் பதில் எழுத்துத் தொல்லை. அதிகாரபூர்வ எழுத்துமுறை 2011-ல்தான் வந்தது, 2012-ல்தான் ஆரம்பப் பள்ளிக்குள் கிரியோல் நுழைந்தது; அதற்கு முன்னால் எழுதியவர்கள் பிரெஞ்சு மாதிரியும் எழுதினார்கள், காதுக்குப் பட்ட மாதிரியும் எழுதினார்கள், இப்போதும் போனில் அப்படித்தான் தட்டுகிறார்கள். எம்யூ என்று முடியும் தளங்களுக்குள் மட்டும் தேடினால் நம் நாட்டு எழுத்து ஓரளவு அகப்படும், அதற்கு சைட் என்ற ஆங்கிலச் சொல்லும் முக்காற்புள்ளியும்.

மொரீஷியஸ் தமிழுக்கு அந்த வழி உதவாது. இங்கே தமிழில் எழுதப்பட்டு வலையேறியது மிகக் கொஞ்சம், தேடலில் வருகிறது எல்லாம் இந்தியத் தமிழும் இலங்கைத் தமிழும்தான். நம் பிள்ளைகள் எந்த வரிசையில் எழுதுகிறார்கள் என்று தெரிய வேண்டுமென்றால் கட்டுரை நோட்டுகளை வாங்கிக் கையால் எண்ணுங்கள், படத்தைக் காட்டி வாயால் சொல்லச் சொல்லுங்கள். கிரியோல் பழக்கத்தில் நிறத்தைப் பெயருக்குப் பின்னால் தள்ளி "பெரிய வீடு சிவப்பு" என்று யாராவது சொல்கிறார்களா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், அது எந்தத் தேடுபொறியிலும் கிடைக்காத தரவு.

எழுதும்போது தேதி, எந்தத் தேடுபொறி, அடித்த தொடர் எழுத்துப் பிசகாமல், காட்டிய எண், கடைசிப் பக்கம் வரை போனபோது உண்மையில் இருந்தது, அதில் வாசித்தது எத்தனை, கழித்தது எத்தனை, ஏன் என்று எல்லாவற்றையும் போடுங்கள். முதல் இணையாக "பெரிய பழைய", "பழைய பெரிய" என்பதை எடுக்கலாம். இரண்டும் அசல் பெயரடை என்பதால் உருவச் சிக்கல் இல்லை, இரண்டு வரிசையும் காதுக்குப் பெரிதாக உறுத்தாது, அதனால் எண் என்ன சொல்கிறது என்று பார்க்க ஆசையாகவும் இருக்கும். ஆனால் பெயர்ப் பட்டியலில் கோயில் வேண்டாம், தஞ்சாவூர் முழுக்க வந்து உட்கார்ந்துவிடும்.